நன்னூல் வகுப்பும் பாலினத் தாளும்

எங்கள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு பயிலும் மாணவர், ஒரே வாரத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளை மனப்பாடம் செய்கிறார். தொல்காப்பியப் பொருளதிகாரத் தேர்வுக்கான விடை: அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு எந்நாளும் உரியவை, பெருமையும் வலிமையும் ஆணுக்கு உரியவை. இரண்டு நாள் கழித்து வரும் 'பாலினச் சமத்துவம்' என்னும் தாளுக்கான விடை: பால் என்பது உடல் சார்ந்தது, பாலினம் என்பது சமூகம் கற்பிப்பது, பெண்மைக் குணங்கள் என்று சொல்லப்படுபவை இயற்கையானவை அல்ல. இரண்டையும் அவர் பிழையின்றி எழுதுகிறார். இரண்டுக்கும் நாங்கள் முழு மதிப்பெண் வழங்குகிறோம். இவற்றுள் எது உண்மை என்று எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் அவர்களைக் கேட்டதில்லை.

இரண்டு விடைகளையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பூட்டத் தெரிந்துகொள்வதைத்தான் இளங்கலைப் படிப்பின் மூன்றாண்டுகளில் நாங்கள் கற்பிக்கிறோமோ என்ற ஐயம் எனக்குச் சில காலமாக உண்டு. இக்கட்டுரை அந்த ஐயத்திலிருந்து எழுந்தது.

பாலினம் பற்றிய தாள் எப்படி நடத்தப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்; இதில் எங்களுடையது விதிவிலக்கன்று. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு கிரெடிட், இறுதிப் பருவம். எல்லாத் துறை மாணவர்க்கும் கட்டாயம். கால அட்டவணை போடும்போது எந்த ஆசிரியருக்குப் பணிநேரம் ஒரு மணி குறைகிறதோ, அவர் தலையில் இத்தாள் வந்து விழும். பெரும்பாலும் அவர் புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளராக இருப்பார். அவருக்கு இதில் பயிற்சி உண்டா, விருப்பம் உண்டா என்பதெல்லாம் கேள்வியில்லை. மாணவர்கள் நகலகத்தில் ஒரு கையேடு வாங்கிக்கொள்வர். அலகுக்கு ஐந்து வினா, வினாவுக்கு ஒரு பக்க விடை. சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த கையேட்டைப் புரட்டினேன். பெண்ணியத்தின் வகைகள் எண்ணிடப்பட்டிருந்தன. வரதட்சணையின் தீமைகள் எண்ணிடப்பட்டிருந்தன. 'சாதனை மகளிர்' என்ற தலைப்பில் படங்களோடு ஒரு பட்டியல். திருநங்கையரைப் பற்றி நான்கு வரி. அதில் அவர்கள் 'பாவப்பட்ட பிறவிகள்' என்று குறிக்கப்பட்டிருந்தனர். பாலினச் சமத்துவத்தைக் கற்பிக்கும் நூலில்!

இப்படியொரு தாள் தேவையே இல்லை என்று கூறுவோர் ஆசிரியர் அறையில் உண்டு. நான் அவர்கள் கட்சியில் இல்லை. 1974ஆம் ஆண்டில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற தலைப்பில் இந்தியப் பெண்களின் நிலை குறித்த அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் ஆய்வு மையங்கள் தோன்றியது அதற்குப் பின்னர்தான். எண்பதுகளில் பல்கலைக்கழக மானியக்குழு அவற்றுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கேட்டுப் பெற்றவை இவையெல்லாம். ஒரு மணி நேரமாவது கிடைத்திருப்பது அந்த உழைப்பின் எச்சம். அதனை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் குறை வேறு. ஒரு தாள் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மற்ற முப்பது தாள்களும் தப்பித்துவிடுகின்றன. சங்க இலக்கியம் நடத்துபவர், காப்பியம் நடத்துபவர், இலக்கணம் நடத்துபவர், "அதுதான் ஆறாம் பருவத்தில் வருகிறதே" என்று நிம்மதியாக நகர்ந்துவிடலாம். நானும் அப்படி நகர்ந்தவன்தான்.

நான் நடத்துவது பெரும்பாலும் இலக்கணம். நன்னூல் சொல்லதிகாரத்தில் பெயரியலில் ஒரு நூற்பா வருகிறது. தமிழ் பயின்றோர் அறிவர். பிறர்க்காகப் பொருளைச் சொல்கிறேன். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை அவாவும் பேடு ஆண்பாலாகும். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை அவாவுவது பெண்பாலாகும். இவ்விரண்டும் அஃறிணையைப் போலவும் வரும். மூன்றே அடிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் என்ற சமணத் துறவி எழுதியது.

இந்த நூற்பாவில் வியக்க ஒன்றும், கூச ஒன்றும் உள்ளன. வியக்க வேண்டியது 'அவாவுதல்' என்ற சொல். பால் எது என்று முடிவு செய்ய முனிவர் உடலைச் சோதிக்கச் சொல்லவில்லை. பிறப்பைக் கேட்கச் சொல்லவில்லை. விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தவரைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அவருக்கெனத் தனி வினைமுடிபு இல்லை, உயர்திணைக்குரிய பால் முடிபுகளையே கொள்வார், ஆயினும் ஆண்பால் முடிபு பொருந்தாது என்பது அவர் கருத்து. (தெய்வங்களையும் பேடியையும் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் அருகருகே வைத்திருக்கிறார். தனக்கென ஈறு இல்லாதவர் என்ற வகையில் இருவரும் ஒன்று. இதனைச் சொன்னால் வகுப்பில் உறங்குபவரும் விழித்துக்கொள்வர்.) பவணந்தியார் இரு திசையையும் காண்கிறார். இன்று நாம் திருநங்கை என்றும் திருநம்பி என்றும் அழைக்கும் இருவருக்கும் அவருடைய இலக்கணத்தில் ஓர் இடம் இருந்திருக்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலினம் எது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெறும் நடைமுறையைக் கொண்டுவந்தது. 'அவாவுதல்' போதுமா, சான்றிதழ் வேண்டுமா என்ற வழக்கு நமக்குப் புதிதன்று என்று தோன்றுகிறது.

கூச வேண்டியது மூன்றாம் அடி. அஃறிணையைப் போலவும் ஆகும் என்பது. உரைகாரர்கள் 'பேடு வந்தது' போன்ற முடிபுகளுக்கு அதனை இலக்கணமாகக் கொள்வர். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை என்று சற்று முன்புதான் கூறியிருக்கிறார். நரகருக்கும் உயர்திணை உண்டு. இவருக்கு மட்டும் 'அது' என்றும் வரலாம். நம் பண்பாட்டின் பெருமை பேசுவோர் இந்நூற்பாவின் முதல் இரண்டு அடிகளோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிறுமை பேசுவோர் மூன்றாவதிலிருந்து தொடங்குவர். மூன்று அடியும் ஒருவரே எழுதியவை. அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் இலக்கண ஆசிரியன் ஒருவன் தேவைப்படுகிறான்.

ஆனால் நான் பல ஆண்டுகள் அதைச் செய்யவில்லை. இந்நூற்பா வந்ததும், "இது தேர்வில் அதிகம் வராது" என்று சொல்லி, ஒரு திரைப்பட நகைச்சுவைக் காட்சியை உதாரணமாகக் காட்டிக் கடந்துவிடுவேன். வகுப்பு சிரிக்கும். இலக்கண வகுப்பில் சிரிப்பு அரிது. ஆகவே அந்த உதாரணத்தை ஆண்டுதோறும் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவ்வாறு சிரித்த ஒரு வகுப்பில் ஒரு மாணவர் சிரிக்காமல் இருந்தார். அப்போது நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். மூன்றாமாண்டு தொடக்கத்தில் அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. குடும்பச் சூழல் என்றார்கள். குடும்பச் சூழல் என்றால் மேற்கொண்டு கேட்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில், சேலை உடுத்திய ஒருவர் "ஐயா, வணக்கம்" என்று எதிரே வந்து நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே தம் பழைய பதிவெண்ணைச் சொன்னார். பிறகு தம் புதிய பெயரையும் சொன்னார். நலம் விசாரித்தோம். அந்த நூற்பாவை அவர் மறக்கவில்லை; மூன்று அடியையும் தடையின்றிச் சொல்லிக்காட்டினார். என் மாணவர்களில் எத்தனை பேர் படிப்பு முடிந்த பிறகு ஒரு நூற்பாவை நினைவில் வைத்திருப்பர்? நான் பெருமைப்பட வாய்திறக்கும் முன் அவர், "நூற்பா நல்லாத்தான் இருந்துச்சுங்கய்யா. நீங்க சொன்ன உதாரணந்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். கோபம் எதுவும் இல்லை. பேருந்து வந்ததும் என் பையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர் வெளியேறியதற்கு என் உதாரணம்தான் காரணம் என்று எண்ணி என்னைப் பெரிதாக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை. அவருடைய வீடு, ஊர், விடுதி எல்லாம் சேர்ந்துதான் அவரை அனுப்பியிருக்கும். ஆனால் அவரைப் பற்றி முழு மரியாதையோடு ஒரு மணி நேரம் பேச எனக்குப் பாடத்திட்டமே வாய்ப்பளித்திருந்தது. எந்த அரசாணையும் அதற்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. 2008இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தேன். மறுநாள் வகுப்பில் பழைய உதாரணத்தையே சொல்லியிருப்பேன். செய்தித்தாளும் நன்னூலும் என் மனத்தில் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. மாணவரைக் குறைகூறி இக்கட்டுரையைத் தொடங்கினேன். பூட்டக் கற்றுக்கொடுத்தவர் யாரென்று தெரிகிறதல்லவா?

சங்க இலக்கியத் தாளிலும் இதே கதைதான். அகப்பாடல்களில் பெரும்பகுதி தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் அமைந்தவை. அவற்றை எழுதியவரில் மிகப்பலர் ஆண்கள். ஆண் புலவர் பெண் குரலில் தன் காமத்தையும் காத்திருப்பையும் பேசுவதற்கும், வெள்ளிவீதியார் பேசுவதற்கும் இடையே வேறுபாடு உண்டா? இருந்தால் அது எங்கே உள்ளது, இல்லையென்றால் மரபு எவ்வளவு வலியது? இளங்கலை மாணவரால் பாடலைக் கையில் வைத்துக்கொண்டு விவாதிக்கக்கூடிய வினா இது. நாங்கள் கேட்பதோ 'பசலை என்றால் என்ன?' ஒக்கூர் மாசாத்தியார் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடியதை வீரத்தாய் என்ற தலைப்பில் நடத்துகிறோம். அதே புலவர் பாடிய குறுந்தொகைப் பாடல்களை அதனோடு சேர்த்துப் படிப்பதில்லை. அது வேறு தாள். 'அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு' நான்கும் தொல்காப்பியர் சொன்னவை என்று மாணவரில் பெரும்பாலோர் நம்புகின்றனர். களவியல் நூற்பாவில் மூன்றுதான் உண்டு, பயிர்ப்பு பின்னர் வந்து சேர்ந்தது. பெண்ணுக்கான பட்டியல் காலந்தோறும் நீண்டிருக்கிறது என்று இந்த ஓர் எடுத்துக்காட்டால் காட்டிவிடலாம். கையேட்டின் நூறு பக்கங்களால் முடியாதது அது.

பன்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலினம் என்ற சொல்லோடு அதனைச் சேர்த்தே பேசுகிறோம், ஆனால் பாடத்திட்டம் வகுக்கும்போது பிரித்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டக் குழுவில் அமர்ந்திருந்தேன். பாமாவின் 'சங்கதி' நாவலை வைக்கலாம் என்றேன். மறுப்பு ஏதும் எழவில்லை. ஆனால் எந்த அலகில் வைப்பது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. பெண்ணியத்தில் வைத்தால் தலித் இலக்கியத்துக்கு நூல் குறைகிறது. தலித் இலக்கியத்தில் வைத்தால் அது விருப்பப்பாடம், எல்லாரும் எடுக்கமாட்டார்கள். தலித்தாகவும் பெண்ணாகவும் ஒருசேர வாழும் மனிதர்களைப் பற்றி 1994இல் எழுதப்பட்ட நாவல், எங்கள் அட்டவணையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலிருந்த கோட்டின் மேல் நின்றது. இறுதியில் நேரமின்மையால் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று முடிவாயிற்று. தேநீர் வந்துவிட்டது.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்தில், பெண் எழுத்துக்கான தாளிலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டனர். மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டது. கல்விக்குழு உறுப்பினர் சிலர் எதிர்ப்புக் குறிப்பு அளித்தனர். தமிழ்நாட்டில் கண்டனங்கள் எழுந்தன, நானும் கையொப்பமிட்டேன். அது செய்ய வேண்டியதே. ஆயினும் அன்று இரவு எங்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தபோது, அங்கிருந்து நீக்க முடிந்த அளவுக்கு அவர்கள் இங்கே கட்டாயத் தாளில் இருக்கவில்லை என்பதைக் கண்டேன். தில்லியில் ஆங்கிலம் படித்த மாணவர்கள் மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்த சுகிர்தராணியை, அவர் எழுதிய மொழியில் பட்டம் பெறும் எங்கள் மாணவர் பலர் பெயரளவில்கூட அறிந்திருக்கவில்லை. நீக்குவோரை எதிர்க்க ஒரு கையொப்பம் போதும். சேர்க்காமலிருக்கும் நம்மை எதிர்க்க எந்தப் படிவமும் இல்லை.

தனித்தாளே எல்லா இடத்திலும் வீண் என்று கூறிவிட்டால் அது நேர்மையாகாது. 2015இல் ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காகத் தெலுங்கிலும் ஆங்கிலமுமாக ஒரு பாலினப் பாடநூல் உருவாக்கப்பட்டது. அன்வேஷி என்ற பெண்ணியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தோர் அதில் உழைத்தனர். படிக்கப் போகிறவர்கள் பொறியியல் மாணவர்கள். அந்நூல் வீட்டு வேலை யாருடையது என்பது போன்ற, இருபது வயதுக்காரர் வாய்திறந்து பேசக்கூடிய செய்திகளை எடுத்துக்கொண்டது. பொறியியல் மாணவருக்குத் தனித்தாள் வேண்டும். இயந்திரவியல் வகுப்பில் வெள்ளிவீதியார் வரமாட்டார். ஆனால் இலக்கிய மாணவர்க்கு அவர் கையிலிருக்கும் நூல்களே போதுமான அளவுக்குக் கொந்தளிப்பவை.

"இலக்கணத்தில் அரசியலைக் கலக்கிறீர்கள்" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவரிடம் கற்றவன் நான், எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. பழைய நூலை இன்றைய கண்ணாடி அணிந்து மட்டும் படித்தால், நூலில் இல்லாததையும் கண்டுவிடுவோம். பவணந்தியார் மனித உரிமைப் போராளி அல்லர். சொற்களுக்கு முடிபு வகுத்தவர். அதை நான் வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருவரை 'அவர்' என்பதா 'அது' என்பதா என்று விதி வகுப்பதைவிடப் பெரிய அரசியல் என்ன இருக்கிறது? நான் கலக்கவில்லை ஐயா, அது முன்பே கலந்துதான் இருக்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை இன்றைய மாணவருக்கு ஒரு வசதி உண்டு. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மதிப்புக்குரிய சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. திருநர், திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் எனச் சொற்கள் கிடைத்தன. ஒரு மொழியில் சொல் பிறக்கும் காட்சியை நேரில் காணும் வாய்ப்பு இலக்கண மாணவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அப்பட்டியலை நன்னூல் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். 'ஊடுபால்' எவ்வகைத் தொகை என்று கேட்டேன். சண்டை வந்துவிட்டது. அதுவரை எந்தப் புணர்ச்சி விதிக்கும் வராத சண்டை.

அந்த வகுப்பில்தான் ஒரு மாணவி எழுந்து, "ஒருத்தர் எதை அவாவுறார்னு யாருங்கய்யா முடிவு பண்றது? அவரா, இலக்கணம் எழுதுறவரா?" என்று கேட்டார். நகைச்சுவைக் காட்சி சொல்லிக் கடந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி எங்கே இருந்தது என்று எண்ணிக்கொண்டேன். விடை சொல்லவில்லை. எழுதிவரச் சொன்னேன்.

இந்தப் பருவத்து அகமதிப்பீட்டுத் தேர்வில் அதனையே சற்று மாற்றி எட்டு மதிப்பெண் வினாவாக வைத்தேன்: நூற்பாவின் மூன்றாம் அடியை ஏற்கிறீரா? தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டுக் காரணம் தருக. விடைத்தாள்கள் மேசை மேல் கிடக்கின்றன. பலர் உரையை அப்படியே எழுதியிருக்கின்றனர். சிலர் பாலினத் தாளுக்கு மூத்த மாணவர் வைத்திருந்த கையேட்டைக் கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கின்றனர். கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவர் நூற்பாவுக்குப் பொருள் எழுதவில்லை, தொல்காப்பியத்தோடு ஒப்பிடவும் இல்லை. ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: "எங்க சித்தப்பாவ எங்க வீட்ல எல்லாரும் 'அது'ன்னுதான் சொல்வாங்க, நானும் சொல்லியிருக்கேன்."

எட்டுக்கு எத்தனை என்று இன்னும் போடவில்லை.